மூட்டு நீர் சொல்லும் செய்தி

நான்கு வயதுக் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலை வரை தெருவில் ஓடியாடிய குழந்தை, இன்று காலை படுக்கையை விட்டு எழ மறுக்கிறது. தூக்கி நிறுத்தினால் ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் அழுகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறது. உடம்பும் சற்றுச் சுடுகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள், "எங்கேயாவது விழுந்திருப்பான், சுளுக்காக இருக்கும். எண்ணெய் தடவி நீவி விட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள்.

பல சமயம் அது தானாகவே சரியாகியும் விடுகிறது. ஆனால் அதே அழுகை, அதே நொண்டல், அதே காய்ச்சலுடன் வரும் சில குழந்தைகளுக்கு மூட்டுக்குள் கிருமிகள் புகுந்திருக்கும். அவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலை மதிப்புள்ளது. சில நாட்கள் வீணானால் அந்தக் கால் வாழ்நாள் முழுவதும் குட்டையாகவோ விறைத்தோ போய்விடலாம். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இவ்விரண்டையும் மருத்துவர் எவ்வாறு பிரித்தறிகிறார்? மூட்டுக்குள்ளிருந்து எடுக்கப்படும் சில துளி நீர்தான் அவருக்குப் பெரிதும் உதவுகிறது. அந்த நீர் என்ன, அது என்ன சொல்கிறது, எப்போது அது சொல்வதை முழுமையாக நம்பலாகாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டுக்குள் இருக்கும் எண்ணெய்

கதவின் கீல் தேயாமலும் ஓசையின்றியும் இயங்க எண்ணெய் விடுகிறோம் அல்லவா? நம் மூட்டுகளிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. மூட்டு முழுவதையும் ஓர் உறுதியான பை சூழ்ந்திருக்கிறது. இதை மூட்டுறை எனலாம். இவ்வுறையின் உட்புறம் மெல்லிய சவ்வு ஒன்று உள்ளது. அதுவே மூட்டுச் சவ்வு. அச்சவ்விலிருந்து ஊறுவதே மூட்டு நீர்.

இதன் அளவு மிகக் குறைவு. வளர்ந்த மனிதரின் முழங்காலில்கூட, அதாவது உடலின் மிகப் பெரிய மூட்டில்கூட, வழக்கமாக நான்கு மில்லிலிட்டருக்கும் குறைவான நீரே இருக்கும். ஒரு தேக்கரண்டி அளவுகூட ஆகாது. குழந்தையின் இடுப்பு மூட்டில் இருப்பது சில துளிகளே. தெளிவாக, வைக்கோல் நிறத்தில், முட்டையின் வெண்கருவைப் போல இது கொழகொழவென்றிருக்கும். 'சைனோவியா' என்ற இதன் மேனாட்டுப் பெயரிலும் முட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல் மறைந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவர் இட்ட பெயர் இது என்பர்.

இந்தக் கொழகொழப்புக்குக் காரணம் ஹயலுரானிக் அமிலம் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. எலும்பு முனைகள் உரசாமல் வழுக்கிச் செல்ல உதவுவது மட்டுமின்றி, மூட்டு நீர் வேறொரு வேலையையும் செய்கிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் இல்லை. அதற்குச் சேர வேண்டிய ஊட்டம் பெரும்பாலும் இந்த நீரின் வழியாகவே செல்கிறது. ஆகவே நீர் கெட்டால் குருத்தெலும்பும் கெடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இது நமக்குத் தேவைப்படும்.

கிருமி எப்படி உள்ளே வருகிறது?

முள் குத்தியோ அடிபட்டோ கிருமி மூட்டுக்குள் நேரடியாக நுழைவது அரிது. குழந்தைகளில் அது பெரும்பாலும் ரத்தத்தின் வழியாகவே வருகிறது. தொண்டையிலோ தோலிலோ இருக்கும் பாக்டீரியாக்கள் சில சமயம் ரத்தத்தில் கலக்கின்றன. மூட்டுச் சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைய உள்ளன. ஆகவே ரத்தத்தில் மிதந்து வரும் கிருமி அங்கே தங்குவது எளிது. தங்கிய பின் வெதுவெதுப்பும் சத்தும் நிறைந்த மூட்டு நீரில் அது பெருகுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. முதலில் எலும்பில் சீழ் பிடித்து, அது உடைத்துக்கொண்டு மூட்டுக்குள் பாயலாம். தொடை எலும்பின் மேற்கழுத்துப் பகுதி இடுப்பு மூட்டுறைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அங்கு இது எளிதில் நிகழ்கிறது. பச்சிளங்குழந்தைகளில் எலும்பின் தண்டையும் தலையையும் இணைக்கும் ரத்தக் குழாய்கள் வளர்தட்டைக் கடந்து செல்வதால், எலும்பின் நோய் மூட்டுக்கு மேலும் விரைவாகப் பரவுகிறது.

குழந்தைகளை இந்நோய் பெரும்பாலும் தாக்கும் இடங்கள் முழங்காலும் இடுப்பும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். லண்டனில் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்மித், 1874-ஆம் ஆண்டிலேயே கைக்குழந்தைகளின் மூட்டுகளில் சீழ் பிடிக்கும் இந்நோயை விரிவாக எழுதி வைத்தார். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் அது உயிர் குடிக்கும் நோயாகவே இருந்தது.

ஏன் இத்தனை அவசரம்?

கிருமிகள் நுழைந்ததும் உடல் சும்மா இருப்பதில்லை. ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில் என்ற வகை, படை படையாக மூட்டுக்குள் விரைகின்றன. கிருமிகளை அழிப்பதற்காக அவை வெளியிடும் நொதிகள் கிருமியோடு நிற்பதில்லை. குருத்தெலும்பையும் அரிக்கத் தொடங்குகின்றன. இந்த அரிப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. பகைவனை விரட்ட வந்த படையே ஊரைக் கொளுத்துவதற்கு இதை ஒப்பிடலாம்.

இடுப்பு மூட்டில் மற்றுமோர் ஆபத்து இருக்கிறது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் கொண்டு செல்லும் மெல்லிய குழாய்கள் மூட்டுறைக்குள்தான் ஓடுகின்றன. உறைக்குள் நீரும் சீழும் சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் எட்டாத எலும்புத் தலை செத்துவிடுகிறது. நோயுற்ற குழந்தை தன் தொடையைச் சற்று மடக்கி, வெளிப்புறமாகச் சாய்த்துப் படுத்திருப்பதைக் காணலாம். அந்த நிலையில்தான் மூட்டுறையின் கொள்ளளவு மிக அதிகம். உள்ளழுத்தம் குறைந்து வலியும் சற்றுத் தணிகிறது. யாரும் சொல்லித் தராமலே குழந்தையின் உடல் கண்டுகொள்ளும் பௌதிகம் இது.

இந்த நோய்க்குச் சீழ் மூட்டழற்சி என்று பெயர். சிகிச்சை தொடங்க நான்கைந்து நாட்கள் தாமதமானால் மூட்டு பழைய நிலைக்கு வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதன் இரட்டை வேடக்காரர்தான் தற்காலிக மூட்டுச் சவ்வழற்சி. மூன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, பல சமயம் சளி, இருமல் வந்து போன பின், இடுப்பு மூட்டில் நீர் கோத்து வலிக்கும். இதில் கிருமி கிடையாது. ஓய்வும் வலி மருந்தும் கொடுத்தால் ஓரிரு வாரங்களில் சுவடு தெரியாமல் மறைந்துவிடும். இதற்குச் சிகிச்சை பொறுமை. முன்னதற்குச் சிகிச்சை கத்தி. தவறாகக் கணித்தால் ஒன்று, தேவையில்லாமல் ஒரு குழந்தை அறுவை மேசைக்குப் போகும். அல்லது, தேவைப்பட்ட குழந்தை வீட்டிலேயே கிடக்கும்.

நான்கு கேள்விகள்

மூட்டுக்குள் ஊசி செலுத்துமுன் வெளி அறிகுறிகளைக் கொண்டே ஓரளவு கணிக்க முடியுமா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மினிந்தர் கோச்சரும் அவருடைய குழுவினரும் இக்கேள்வியை ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டனர். இடுப்பு வலியோடு வந்த குழந்தைகளின் பழைய பதிவேடுகளை அவர்கள் புரட்டிப் பார்த்தனர். இரு நோய்களையும் பிரித்துக் காட்டக்கூடிய நான்கு கேள்விகள் கிடைத்தன.

குழந்தைக்குக் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியசுக்கு மேல் உள்ளதா? காலை ஊன்ற அறவே மறுக்கிறதா? ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம், அதாவது ஈ.எஸ்.ஆர்., மணிக்கு 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ளதா? ரத்தத்தில் வெள்ளணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 12,000-க்கு மேல் உள்ளனவா?

நான்குக்கும் 'இல்லை' என்று விடை வந்தால் சீழ் மூட்டழற்சிக்கான வாய்ப்பு நூற்றுக்கு 0.2-க்கும் குறைவு. ஒன்றுக்கு 'ஆம்' என்றால் நூற்றுக்கு 3. இரண்டுக்கு 40. மூன்றுக்கு 93.1. நான்குக்கும் 'ஆம்' என்றால் 99.6. பார்ப்பதற்கு மிக அழகான கணக்கு!

ஆனால் அறிவியலில் ஒரு கணக்கு எந்தக் குழந்தைகளிடமிருந்து பிறந்ததோ அவர்களிடமே அதைச் சரிபார்த்தால் போதாது. புதிய குழந்தைகளிடமும் அது பலிக்க வேண்டும். அதே குழுவினர் பின்னர் வந்த குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2004-இல் மீண்டும் எழுதினர். இம்முறை 'ஆம்' ஒன்றுகூட இல்லாதவர்களில் வாய்ப்பு நூற்றுக்கு 2 ஆக இருந்தது. ஒன்று உள்ளவர்களில் 9.5, இரண்டு உள்ளவர்களில் 35, மூன்று உள்ளவர்களில் 72.8, நான்கும் உள்ளவர்களில் 93. கணக்கு பயனுள்ளதே என்பது உறுதியாயிற்று. ஆனால் முதலில் தோன்றிய அளவுக்குக் கூர்மையானதல்ல என்பதும் தெரிந்தது. பின்னாளில் சி.ஆர்.பி. எனப்படும் ரத்தப் புரதத்தின் அளவையும் மருத்துவர்கள் ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டனர்.

இப்போது நடுவில் நிற்கும் குழந்தையைப் பாருங்கள். இரண்டு கேள்விக்கு 'ஆம்'. நூற்றுக்கு 35 அல்லது 40 என்றால் என்ன பொருள்? ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுதான். அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தால் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பது தெரியும். ஆனால் அந்த நீர் வெறும் அழற்சி நீரா, சீழா என்று அந்தப் படம் உறுதியாகச் சொல்லாது. நீரை வெளியே எடுத்துத்தான் கேட்க வேண்டும்.

நீரை எடுக்கும் முறை

முழங்கால் தோலுக்கு அருகில் இருப்பதால் அதிலிருந்து நீர் எடுப்பது எளிது. தோலைக் கிருமிநீக்கி, மரத்துப்போகும் மருந்திட்டு, ஊசியைச் செலுத்தி உறிஞ்சுவார்கள். இடுப்பு மூட்டு ஆழத்தில் உள்ளது. பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. ஆகவே குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்டு திரையில் ஊசியின் நுனியைப் பார்த்தபடியே செலுத்துவது வழக்கம்.

கிடைக்கும் நீர் சில சமயம் ஒரு மில்லிலிட்டர்கூட இராது. அதைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கத் தூய குப்பியில் ஒரு பங்கு. அணுக்களை எண்ண, உறைந்துவிடாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் ஒரு பங்கு. சாயமிட்டுப் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி. நீர் மிகக் குறைவாக இருந்தால் வளர்ப்புச் சோதனைக்கே முதலிடம். ஏனெனில் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்ற இரண்டுக்கும் விடை சொல்லக்கூடியது அதுதான்.

கண்ணும் கம்பிப் பதமும்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். குழாய்க்குப் பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றைப் பிடித்துப் பார்க்கலாம். இயல்பான நீரின் வழியே எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அழற்சியில் மங்கலாகும். சீழில் எழுத்தே தெரியாது. நிறமும் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ, சில சமயம் ரத்தம் கலந்தோ மாறும்.

இரண்டாவது சோதனை உங்கள் வீட்டுச் சமையலறையில் நடப்பது போன்றது. வெல்லப் பாகு பதமாகிவிட்டதா என்று பார்க்க விரலிடையே இழுத்துக் கம்பி வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? நல்ல மூட்டு நீரை ஊசியின் நுனியிலிருந்து சொட்டவிட்டால் அதுவும் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கம்பியாக இழுபடும். ஹயலுரானிக் அமிலத்தின் சங்கிலிகள் முழுமையாக இருப்பதன் அடையாளம் அது. அழற்சியில் இச்சங்கிலிகள் அறுபட்டும் நீர்த்தும் போவதால் நீர் தண்ணீர் போலத் துளித்துளியாக விழும்.

முற்காலத்தில் இதையே சற்று முறைப்படுத்தி, மூட்டு நீரில் அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்த்தனர். நல்ல நீர் கெட்டியான கட்டியாகத் திரளும். கெட்ட நீர் திரிந்த பால் போலத் துகள் துகளாகப் பிரியும். அமெரிக்க மருத்துவர்கள் மரியன் ரோப்சும் வால்டர் பாயரும் மூட்டு நீரைப் பற்றி 1953-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது. திரளும் சோதனை இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் வேறோர் இடத்தில் உதவுகிறது. அதை அடுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை என்னும் அளவுகோல்

மூட்டு நீரிலுள்ள வெள்ளணுக்களை எண்ணுவதே விரைவாகக் கிடைக்கும் மிகப் பயனுள்ள விடை. இயல்பான நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும். அவற்றில் நியூட்ரோஃபில்கள் நூற்றுக்கு 25-க்கும் குறைவு. அழற்சி ஏற்பட்டால் எண்ணிக்கை 2,000-க்கு மேல் உயரும். சீழ் மூட்டழற்சியில் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டும். அவற்றுள் நூற்றுக்கு 75-க்கு மேல், பல சமயம் 90-க்கு மேல் நியூட்ரோஃபில்களாகவே இருக்கும்.

இத்தனையையும் எப்படி எண்ணுகிறார்கள்? நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் எண்ணறைத் தகட்டில் நுண்ணிய கட்டங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பெரிய கட்டம் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பும் 0.1 மில்லிமீட்டர் ஆழமும் உடையது. ஆகவே அதில் அடங்கும் நீர் 0.1 கன மில்லிமீட்டர். நான்கு மூலைக் கட்டங்களில் சேர்த்து 0.4 கன மில்லிமீட்டர். மூட்டு நீரை 20 மடங்கு நீர்க்கச் செய்து, நான்கு கட்டங்களிலும் சேர்த்து 1,200 அணுக்கள் எண்ணினோம் என்று வைத்துக்கொள்வோம். 1,200-ஐ 0.4-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் 60,000. இந்தக் கணக்கை ஒரு மாணவரும் போட்டுவிடலாம். ஆனால் அந்த எண் ஒரு குழந்தை அறுவை அரங்குக்குச் செல்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

இங்கேதான் முன் சொன்ன பாடம் வருகிறது. ரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணும்போது சிவப்பணுக்களைக் கரைப்பதற்காக நீர்க்கச் செய்யும் திரவத்தில் அசிட்டிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். பழக்கத்தால் அதையே மூட்டு நீருக்கும் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நீர் திரண்டுவிடும். அணுக்கள் கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். ஆகவே மூட்டு நீரை உப்பு நீரால்தான் நீர்க்கச் செய்ய வேண்டும். அணுக்கள் நேரம் செல்லச் செல்லச் சிதைவதால் தாமதிக்காமலும் எண்ண வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. 50,000 என்பது இயற்கை கிழித்த கோடு அன்று. மருத்துவர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லை. நோயின் தொடக்கத்தில் சீழ் மூட்டிலும் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். கிருமியே இல்லாத இளம்பருவ மூட்டழற்சியில் அது 50,000-ஐத் தாண்டவும் செய்யலாம். மூட்டு நீரிலுள்ள குளுக்கோஸ் அளவும் அவ்வாறே. கிருமிகளும் வெள்ளணுக்களும் சர்க்கரையைத் தின்றுவிடுவதால் சீழில் அது ரத்தத்தில் உள்ளதைவிட மிகக் குறையும். ஆனால் எல்லாக் குழந்தைகளிலும் குறைவதில்லை. சான்றுகளைக் கூட்டிப் பார்த்துத்தான் தீர்ப்பு வழங்க வேண்டும்.

ஊதாவும் சிவப்பும்

டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், 1884-இல் பெர்லினில் பணியாற்றியபோது பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றும் முறை ஒன்றை வெளியிட்டார். முதலில் ஊதாச் சாயம், அடுத்து அயோடின், பிறகு ஆல்கஹால் கழுவல், கடைசியாகப் பின்னாளில் வந்தவர்கள் சேர்த்த சிவப்புச் சாயம். தடித்த சுவருடைய பாக்டீரியாக்கள் ஊதாவை விடாமல் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவருடையவை அதை இழந்து சிவப்பை ஏற்கும். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இம்முறை இன்றும் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் நாள்தோறும் பயன்படுகிறது.

மூட்டு நீரில் திராட்சைக் கொத்துப் போல ஊதா உருண்டைகள் தெரிந்தால் பெரும்பாலும் அது ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். உலகெங்கும் குழந்தைகளின் மூட்டுகளைத் தாக்கும் கிருமிகளில் முதன்மையானது அதுவே. சங்கிலியாகத் தெரிந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனக் கருதலாம். சில நிமிடங்களில் கிடைக்கும் விடை இது. ஆனால் கிருமி இருந்தும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளில் சாயத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். தெரிந்தால் நம்பலாம், தெரியவில்லை என்பதால் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

வளர மறுத்த கிருமி

வளர்ப்புச் சோதனையில் மூட்டு நீரைச் சத்துள்ள தளத்தில் பரப்பி, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்து, கிருமிகள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் திட்டுகளாகும் வரை காத்திருப்பார்கள். நீண்ட காலமாகவே இதில் ஒரு புதிர் இருந்தது. மேலே சொன்ன பாஸ்டன் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 44 குழந்தைகளின் மூட்டு நீரில் வெள்ளணுக்கள் 50,000-ஐ எட்டியோ தாண்டியோ இருந்தும் வளர்ப்பில் எந்தக் கிருமியும் வளரவில்லை. கிருமி உறுதிசெய்யப்பட்டவர்களோ 38 பேர்தாம். அந்த 44 பேரின் மூட்டில் இருந்தது என்ன?

இப்புதிருக்கு ஒரு பகுதி விடை இஸ்ரேல் நாட்டின் பீர்ஷெபா நகரிலிருந்து வந்தது. அங்கே பாப்லோ யகுப்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் மூட்டு நீரை வழக்கமான தளத்தில் பரப்பியதோடு, ரத்தத்தில் கிருமி தேடப் பயன்படும் குப்பிகளிலும் செலுத்தி வந்தனர். 1988 முதல் 1991 வரையான பதிவேடுகளை அவர்கள் ஒப்பிட்டனர். 216 குழந்தைகளுக்கு மூட்டு நீர் எடுக்கப்பட்டிருந்தது. 63 பேரின் நீரில் கிருமி வளர்ந்தது. அவற்றுள் 14, கிங்கெல்லா கிங்கே என்ற கிருமி. இந்தப் பதினான்கில் ஒன்று நீங்கலாக மற்றவை எல்லாம் ரத்தக் குப்பியில் மட்டுமே வளர்ந்திருந்தன! மூட்டு நீரில் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோ ஒன்று குப்பியின் நிறைந்த திரவத்தில் நீர்த்துப் போவதால் கிருமி தலையெடுக்கிறது என்று கருதப்படுகிறது.

1960-களில் இக்கிருமியை முதலில் இனங்கண்டவர் எலிசபெத் கிங் என்ற அமெரிக்கப் பாக்டீரியவியலார். அவருடைய பெயரையே இது தாங்கி நிற்கிறது. நெடுங்காலம் இதை அரிய கிருமியாகவே எண்ணியிருந்தனர். இன்றோ பல நாடுகளில் ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் மூட்டு நோய்க்கு இதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனத் தெரியவந்துள்ளது. சிறு குழந்தைகளின் தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும் இது, சளி பிடித்த நேரத்தில் ரத்தத்தில் நுழைந்து மூட்டை அடைகிறது. இதன் தாக்குதல் மென்மையானது. காய்ச்சல் குறைவாக இருக்கலாம். மூட்டு நீரிலும் அணுக்கள் 50,000-க்குக் கீழேயே இருக்கலாம். நான்கு கேள்விகளும் ஏமாறும் இடம் இது.

அப்படியானால் கிருமியை வளர்க்காமலேயே கண்டுபிடிக்க வழியில்லையா? உண்டு. அமெரிக்க வேதியியலார் கேரி முல்லிஸ் 1983-இல் சிந்தித்துக் கண்ட பி.சி.ஆர். முறைக்கு 1993-இல் நோபெல் பரிசு கிடைத்தது. கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துண்டைப் பல லட்சம் மடங்கு படியெடுத்துப் பெருக்கிக் காட்டும் முறை அது. வளர மறுக்கும் கிங்கெல்லாவும் இதில் அகப்பட்டுக்கொள்கிறது. முன்னர் 'கிருமி வளரவில்லை' என்று எழுதப்பட்ட பல குழந்தைகளின் நோய்க்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது.

மறைந்த கிருமியும் மறைந்திருக்கும் கிருமியும்

ஒரு காலத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூட்டுகளைப் பெரிதும் தாக்கி வந்தது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா 'பி' வகைக் கிருமி. தடுப்பூசி பரவிய நாடுகளில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இத்தடுப்பு மருந்து அடங்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் நுழைந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். ஒரு தடுப்பூசி மூட்டையும் காக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுபுறம், காசநோய்க் கிருமி மூட்டில் மெதுவாக ஊர்ந்து வேலை செய்யும். வீக்கம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். தொட்டால் அவ்வளவாகச் சூடு இராது. மூட்டு நீரில் கிராம் சாயம் இதைக் காட்டாது. மூட்டுச் சவ்விலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்க நேரும். நெடுநாளாக வீங்கியிருக்கும் மூட்டுள்ள குழந்தைக்கு இதையும் மருத்துவர் நினைவில் கொள்கிறார்.

கண்டுபிடித்த பின்

சீழ் என்று உறுதியானால் இரண்டு வேலைகள் உடனே நடக்க வேண்டும். மூட்டைத் திறந்தோ குழாய் வழியாகவோ சீழை வெளியேற்றிக் கழுவ வேண்டும்; நுண்ணுயிர்க் கொல்லி மருந்தை ரத்தக் குழாய் வழியே தொடங்க வேண்டும். நீர் எடுத்தவுடன், வளர்ப்பின் முடிவுக்குக் காத்திராமல், மருந்து தொடங்கப்படுகிறது. முடிவு வந்ததும் அதற்கேற்ப மாற்றப்படுகிறது. முன்பெல்லாம் பல வாரங்கள் மருந்து ஏற்றுவார்கள். பின்லாந்தில் ஹெய்க்கி பெல்டோலாவும் குழுவினரும் 130 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, நன்கு தேறி வரும் குழந்தைகளுக்கு 10 நாள் மருந்தும் 30 நாள் மருந்துக்கு இணையாகப் பலன் தந்தது. ஆனால் எத்தனை நாள் என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாக மருந்தைக் குறைப்பதற்கு இது அனுமதிச் சீட்டு அன்று.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை

குழந்தை திடீரென ஒரு காலை ஊன்ற மறுத்தால், காய்ச்சலும் உடனிருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முழங்காலைக் காட்டி அழும் குழந்தையின் கோளாறு இடுப்பில் இருக்கலாம்; இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது உண்டு. பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம். ஒரு காலை மட்டும் அசைக்காமல் கிடப்பதும், துணி மாற்றத் தொடும்போதெல்லாம் வீறிட்டு அழுவதும்தான் அதற்குத் தெரிந்த மொழி.

வலிக்கும் மூட்டை நீவி விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பழைய மாத்திரையையோ, கடையில் கேட்டு வாங்கிய நுண்ணுயிர்க் கொல்லியையோ இரண்டு வேளை கொடுத்துப் பார்ப்போம் என்றும் எண்ணாதீர்கள். அரைகுறை மருந்து நோயைக் கொல்லாது. ஆனால் மூட்டு நீரில் கிருமி வளர்வதைத் தடுத்துவிடும். அதனால் சாட்சி மட்டும் அழிந்து குற்றவாளி உள்ளேயே தங்கிவிடுவான்.

மூட்டுக்குள் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் மனம் பதறுவது இயல்பு. ஆயினும் அந்த ஊசி உறிஞ்சும் சில துளி நீரைக் கண்ணால் பார்த்து, எண்ணி, சாயமிட்டு, வளர்த்துப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு மனிதனுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அத்தகைய நிலை வந்து, அதன் தாய் தயங்கி நின்றால், அந்த நீர் என்ன சொல்லும் என்பதை நீங்கள் அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.